மாதாவுக்கு ஒரு தோள் குறைந்தது

சிரித்திருக்கக் கூடாதுதான்... ஆனால் சிரிப்பு வந்துவிட்டதே, நிஷானி என்ன செய்வாள்?

கிரான்பர்ன் கோயில் முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. மே இருபத்துநான்கு. ஆஸ்திரேலியாவின் பாதுகாவலியான சகாய மாதாவின் பெருநாள். நாட்டுக்கே உரிய நாள் என்றால் நாடு முழுக்க விடுமுறை விட வேண்டாமா? எந்தச் சமயத்தாரும் வந்து கொண்டாடும் பொது விடுமுறையாக இதை ஆக்கவேண்டும் என்று கேட்டு, நிஷானியும் அவள் அப்பா அம்புறோஸும் ஒரு மாதமாகக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். அதுவரை இது வெறும் புதன்கிழமை. ஆண்கள் எல்லாரும் வேலையில். மாதா சுரூபம் வைத்த கூட்டைத் தூக்க நாலு தோள் வேண்டும், மூன்றுதான் வந்திருந்தது.

அப்போதுதான் சனம் உட்கார வாடகைக்கு எடுத்த கதிரைகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். நெடுநெடுவென்ற உயரம். மழைத்துளி தங்கிய இமைகள்... நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி கரைந்திருந்தது.

"நீங்கள் தமிழோ? ஒரு தோள் தருவீங்களோ?"

கேட்ட பிறகுதான், கேட்டது என்னவென்று உறைத்து அவள் முகம் சிவந்தது.

"தாறன்... ஆனா அரை மணித்தியாலத்தில திருப்பித் தந்திட வேணும். என்ரை பேர் பிரஷாந்தன்."

லொறிக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது... காலில் சப்பாத்து இல்லை. உடம்பில் சட்டையும் இல்லை. எட்டுப் பாகைக் குளிரில் வெறும் மேலோடு, இடுப்பில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு, சாமி தூக்க ஆயத்தமாக நின்றான். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அன்ரிமார் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிஷானி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எங்கட கோயிலில சட்டையோட சாமி தூக்க விடமாட்டினம்" என்றான் மெல்ல. கண்ணில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

அம்புறோஸ் அருகே வந்தார். "சைவப் பெடியன் போல. விடு பிள்ளை, கூடு எங்கட ஆக்கள்தான் தூக்கவேணும்."

அது அவன் காதில் விழுந்தது. லொறிப் பக்கம் நடந்தான்.

ஐயோ, போகிறானே... நிஷானி அப்பாவிடம் திரும்பினாள். "நோட்டீஸில 'எல்லாரும் வாங்கோ' எண்டு போடச் சொன்னது நீங்கள்தானே அப்பா? தோள் மட்டும் எங்கட ஆக்களின்ரை வேணுமோ?" பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.

"சிரிச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை. எனக்கு உங்கட முறை தெரியாது."

"எனக்கும் உங்கட முறை தெரியாது. நீங்கள் சட்டையைப் போடுங்கோ, குளிர் பிடிச்சிடும்... நான் சப்பாத்தைக் கழட்டுறன். ரெண்டு கோயிலுக்கும் சரி."

சொன்னபடியே கழற்றினாள். ஈரத் தரையில் பாதம் விறைத்தது. அவன் சிரித்தான்... அம்மாடி, அந்தச் சிரிப்பைப் பார்க்க ஊர் முழுக்க வெறுங்காலோடு நடக்கலாம். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அவன் கூட்டுக்குத் தோள் கொடுத்தான்; பவனி முடியும்வரை குடையை அவன் பக்கமே பிடித்திருந்தாள்.

பிறகு? கதிரைகளை ஏற்ற வந்தான், கையெழுத்துப் போட வந்தான், சைவச் சிநேகிதர்களின் கையெழுத்துகளையும் வாங்கிக்கொண்டு வந்தான்... அம்புறோஸ் "வாங்கோ" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா அதற்கு மேல் இறங்கி வராவிட்டால்? நிஷானிக்கு வருடம் முழுக்க அதே யோசனைதான்.

அடுத்த பெருநாள் வந்தது, விடுமுறை வரவில்லை. வெள்ளிக்கிழமை, அவனுக்கு வேலை இருக்குமே... ஆனால் வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெறுங்கால்.

"தம்பி" என்று கூப்பிட்டார் அம்புறோஸ். "வலப்பக்க முன்தோள் உங்களுக்குத்தான் வைச்சிருக்கிறன். போன வருசம் நான் கதைச்சது பிழை." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நிஷானிக்குக் கண் கலங்கியது. "வேலையில எப்பிடி விட்டவை?"

"லீவு கேட்டனான். காரணம் எழுதித் தரச் சொன்னவை."

"என்ன எழுதினீங்கள்?"

"குடும்பப் பெருநாள் எண்டு."

"ஆற்ரை குடும்பம்?"

"உங்களை விரும்புறன் நிஷானி... நீங்கள் ஓம் எண்டா, எங்கட. இல்லையெண்டா, பொய் எழுதினதுக்கு நான் மாதாவிட்டை மன்னிப்புக் கேட்கவேணும்."

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

"கேட்கத் தேவையில்லை" என்றாள்.