கேபிள் வீட்டுப் பெண்

"ஐயோ... அவுட்!"

அம்ருதா போட்ட சத்தத்தில், ஜன்னலோரம் மழைக்கு ஒதுங்கியிருந்த புறா படபடவென்று பறந்து போனது.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது அந்த கண்ட்ரோல் ரூம். சுவரை ஒட்டி, பச்சை விளக்குகள் மினுக்கும் பெட்டிகள். மூலையில் சிக்னல் பார்க்க ஒரு சின்ன டிவி. அப்பா ரகுராம் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த கேபிள் தொழில் அது. அவருக்கு மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காததால், இரண்டு வருஷமாக எல்லாம் அம்ருதாவின் தலையில். மேட்ச் நடக்கும்போது லைன் போனால் தெருவே போன் பண்ணும். அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவாள். காவலுக்குக் காவலும் ஆச்சு, மேட்சுக்கு மேட்சும் ஆச்சு.

கதவு இடிபட்டது.

திறந்தால்... நெடுநெடுவென்று ஒரு இளைஞன். கையில் போன். திறந்த வராந்தாவில் மழை நனைத்த புருவத்திலிருந்து ஒரு துளி இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. கொஞ்சம் மெதுவா கத்துங்களேன்."

"என் ரூம், என் டிவி, என் தொண்டை. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பக்கத்து ரூமுக்குப் புதுசா குடி வந்திருக்கேங்க. போன்ல மேட்ச் பார்க்கிறேன். பவுலர் இப்பதான் பந்தைப் பேன்ட்ல தேய்க்கிறான்... அதுக்குள்ள சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நீங்க அவுட்னு தீர்ப்பு சொல்லிடுறீங்க! மூணு ஓவரா இதே கதை."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது என் தப்பா? உங்க ஆப்ல வர்றதே அரை நிமிஷம் லேட். ஆறிப்போன காப்பி! கேபிள்ல சுடச்சுட வரும்."

"ஆறின காப்பின்னாலும் அது என் பாக்கெட்டோட வருமே. உங்க கேபிள் வருமா?"

பதில் சொல்ல நிமிர்ந்தபோதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். சண்டைக்கு வந்தவனின் கண்கள் இல்லை. சிரிப்பை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் முறைக்கிற கண்கள்...

"சும்னே... சும்மா நிக்காதீங்க. கடைசி ஓவர். உள்ள வந்து பாருங்க" என்றாள்.

வாசலைத் தாண்டாமல், நிலைப்படியில் சாய்ந்தபடியே பார்த்தான். கடைசிப் பந்தில் பெங்களூரு ஜெயித்தது. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு ஒரே நேரத்தில் வெட்கப்பட்டார்கள்.

"பேரு?"

"உத்தமன். வாணியம்பாடி."

"பேர் மட்டும்தானா, ஆளுமா?"

"பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மழை அடிக்கும் வராந்தா வழியாகத் தன் ரூமுக்குப் போனான்.

அதற்குப் பிறகு மேட்ச் நாட்களில் தானாகவே கதவு திறந்திருந்தது. அவன் கீழேயிருந்து இரண்டு டீ வாங்கி வருவான். அவள் பெஞ்சை வாசல் பக்கம் நகர்த்திப் போடுவாள். அவன் ஊர்த் தமிழை அவள் கேலி செய்வாள். அவள் தமிழில் பாதி கன்னடம் இருப்பதை அவன் எண்ணிக் காட்டுவான். ஒரு தடவை ஒரு பெட்டியில் விளக்கு அணைந்தபோது, அவனே எழுந்து கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பச்சை எரிந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"காலேஜ்ல..." என்றான். பேச்சை உடனே வேறு பக்கம் திருப்பினான். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் போய், மேட்ச் சீசனும் முடிந்தது. அடுத்த சனிக்கிழமையும் டீயோடு வந்து நின்றான்.

"இன்னைக்கு மேட்ச் இல்லையே..." என்றாள்.

"தெரியும்."

அந்த ஒற்றை வார்த்தையை அன்று முழுக்க உள்ளுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்ருதா.

*

ஜூன் இரண்டாவது ஞாயிறு. பக்கத்துத் தெருவில் அறுபத்து நாலு வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட்டில் சங்கக் கூட்டம். ரகுராமின் கேபிளுக்கு மிஞ்சியிருந்த பெரிய கட்டடம் அது ஒன்றுதான். ஃபைபர் கம்பெனி ஒன்று உள்ளே வரப் பார்க்கிறதாம். பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, அதே குழாயில் ஃபைபரை இழுத்து, எல்லா வீட்டுக்கும் புதுப் பெட்டி தருவார்களாம்.

"தெளிவா பேசும்மா. கோவப்படாதே" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேடையில் பெரிய டிவி. பக்கத்தில் கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, கையில் ரிமோட்டோடு... உத்தமன்.

அவனும் பார்த்தான். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கு இது அதிர்ச்சி இல்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. அவள் வருவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது.

அவன் பேசினான். நன்றாகத்தான் பேசினான். எந்தப் படத்தை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் நிறுத்தலாம், தொடரலாம். குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல், பெரியவர்களுக்குத் தனிப் பட்டியல். ஹாலே தலையாட்டியது. அவளுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. 'என் ரூம்ல உட்கார்ந்து, என் பெட்டிகளை எல்லாம் பார்த்துட்டுப் போய்...'

முன் வரிசையில் கோவிந்தராஜன் எழுந்தார். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகக் கண் பார்வை இல்லை. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார்.

"தம்பி, என் ரிமோட்ல அஞ்சாம் நம்பர் மேல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைத் தடவித்தான் மத்த நம்பரைக் கண்டுபிடிப்பேன். மூணு நம்பர் அமுக்கினா நியூஸ், இன்னொரு மூணு அமுக்கினா கச்சேரி. உங்க ரிமோட்ல நம்பரே இல்லைன்னு சொல்றாங்களே?"

உத்தமனின் மேலதிகாரி கிரண் முந்திக்கொண்டார். "நோ ப்ராப்ளம் சார், வாய்ஸ் இருக்கு. வாயால சொன்னாப் போதும்!"

உத்தமன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"இல்லீங்க சார். நீங்க சொன்னா அது ஸ்க்ரீன்ல ஒரு வரிசை காட்டும். அதுல எது எதுன்னு படிச்சுச் சொல்லாது. இப்போதைக்கு எங்க பெட்டி உங்களுக்குக் கஷ்டம்தான். உங்க வீட்டுக் கேபிளை எடுத்துடாதீங்க."

"ஏன் குரு இது, என்னப்பா பண்றே?" என்று கிரண் பல்லைக் கடித்தது மேடைக்குக் கீழேயும் கேட்டது.

கொஞ்ச நேரம் ஹாலில் சளசளப்பு. கடைசியில் சங்கம் முடிவு செய்தது. கேபிளும் இருக்கட்டும், ஃபைபரும் வரட்டும். எது வேண்டும் என்று அவரவர் வீடு முடிவு செய்துகொள்ளட்டும்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படிக்கட்டில் அவன் பின்னாலேயே ஓடி வந்தபோது, அவளுக்கு அழுகைதான் முட்டியது.

"அம்ருதா... ஒரு நிமிஷம்..."

"என் மேல இரக்கப்பட்டு விட்டுக் கொடுத்தீங்களா?"

"இல்லைங்க. அந்தப் பெரியவர்கிட்ட பொய் சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்."

"அவர்கிட்ட வராத பொய், என்கிட்ட மட்டும் ஒரு மாசமா வந்துதா?"

அவன் தலை குனிந்தான். "முதல் ரெண்டு வாரம் எனக்கே தெரியாது. இந்தக் கட்டடம் உங்க லைன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா கதவைச் சாத்திடுவீங்கன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் திறந்து வைப்பேன்னு நினைச்சீங்களா?"

விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

*

கதவு சாத்தியே இருந்தது. முப்பத்தொரு வீடுகள் ஃபைபருக்கு மாறிவிட்டன. ஒவ்வொரு வீடாகப் போய் அவளே பழைய செட்டாப் பாக்ஸை வாங்கி வந்தாள். யாரும் முகத்தில் அடித்த மாதிரி பேசவில்லை. "தப்பா நினைக்காதேம்மா, பசங்க கேக்கறாங்க" என்றார்கள். ஒரு வீட்டில் பத்து வயசுப் பெண், தான் பாதியில் தூங்கிப்போன படத்தை அதே இடத்திலிருந்து தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி...

அன்று அம்ருதா நிறைய யோசித்தாள். உத்தமன் மறைத்தது தப்புதான். ஆனால் தன் கோபம் முழுக்க அதனால்தானா? மேடையில் அவன் சொன்னது பாதிக்கு மேல் உண்மை என்பதும், அந்த உண்மையைத் தானே இரண்டு வருஷமாக அப்பாவிடம் சொல்லத் தயங்குகிறோம் என்பதும்... அதுதானே உறுத்துகிறது? அவன் பேரில் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆனாலும் அவளாகப் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்ட கை வரவில்லை. கர்வம் என்பது அப்படித்தான். தப்பு என்று தெரிந்த பிறகும் நாலு நாள் கூடவே இருந்துவிட்டுத்தான் போகும்.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் பேய் மழை. நாலு மணிக்குக் கோவிந்தராஜனிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, வீட்ல சத்தமே இல்லையே... லைன் போயிடுச்சா?"

அவர் குறை சொல்லவில்லை, கேட்டார். அந்தக் குரலில் இருந்த தனிமை அவளை உட்கார விடவில்லை. லைன்மேன்கள் இரண்டு பேரும் சிவாஜிநகர் பக்கம் வேறு ரிப்பேரில் மாட்டியிருந்தார்கள். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, டூல் பையோடு அவளே கிளம்பினாள்.

"மரா பித்து மேடம், மரம் விழுந்துடுச்சு!" என்று தெருமுனையிலேயே வாட்ச்மேன் கை காட்டினார். பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. நல்ல வேளை, கரண்ட் கம்பி எதுவும் அந்தப் பக்கம் இல்லை. அவளுடைய கேபிள் அறுந்து பிளாட்பாரத்தில் கிடந்தது. அதன் பக்கத்திலேயே அறுந்து கிடந்த மெல்லிய கறுப்பு ஒயரைக் கையில் பிடித்தபடி, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே குந்தியிருந்தான் உத்தமன்.

அவள் டூல் பையை இறக்கி வைத்தாள்.

பிறகு அவன் நகர்ந்து உட்கார்ந்து தார்ப்பாய்க்குக் கீழே இடம் விட்டான். "உங்களோடதை முதல்ல போடலாம். எங்க கஸ்டமருக்கு போன்லயாவது ஏதாவது ஓடும். அங்க ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார்."

அவன் கேபிளை இறுக்கிப் பிடிக்க, அவள் சீவி, கனெக்டரை மாட்டி முறுக்கினாள். விரல்கள் பட்டன. விலகவில்லை. போன் போட்டாள். "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு!" என்று அந்தப் பக்கம் கோவிந்தராஜன் குழந்தை மாதிரி கூவினார். அவருக்குப் பின்னால் வயலின் கேட்டது.

அடுத்து அவன் வேலை. மழை காற்றில் சாய்ந்து அடித்தது. ஃபைபர் ஒட்டும் அவன் மெஷின் மேல் ஒரு துளி விழாதபடி அவள் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்து நின்றாள். முதுகு முழுக்க நனைந்தது. தலைமுடியைவிட மெல்லிசான அந்தக் கண்ணாடி இழையை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான்.

முடித்துவிட்டு, பெட்டியை மூடியபடியே சொன்னான். "இதுதான் இந்த ஏரியாவில எனக்குக் கடைசி வேலை. ஒயிட்ஃபீல்டுக்கு மாத்திக் கேட்டிருக்கேன். உங்களுக்கு எதிர்ல நின்னு வேலை செய்ய என்னால முடியல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"இல்லீங்க... நீங்கதான்..."

"நீங்க போனா உங்க கம்பெனி கடையைச் சாத்திடுமா? வேற ஒருத்தன் வருவான். அவன் கோவிந்தராஜன் சார்கிட்ட என்ன சொல்வான்? என் எதிர்ல ஒருத்தர் நிக்கணும்னா... அது நீங்களா இருக்கணும்." குரல் உடைந்தது. "நல்லா போட்டி போடுங்க. நானும் போடுவேன். எங்களுக்குச் சொந்தமா ஃபைபர் இழுக்கணும்னு அப்பாகிட்ட இன்னைக்கே பேசப்போறேன். ஆனா இனிமே எதையும் மறைக்கக் கூடாது. யார்கிட்டயும்."

உத்தமன் அவளையே பார்த்தான். மழைக்கு நடுவில் அந்தக் கண்கள்... இந்தத் தடவை எதையும் உள்ளே பிடித்து வைக்கவில்லை.

"அப்ப உங்க அப்பாவை இப்பவே பார்க்கணும்" என்றான்.

ரகுராம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தெப்பமாக நனைந்து வந்த மகளையும், கூட வந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு தம்பி நீங்க? என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஃபைபர் கம்பெனியில இருக்கேங்க சார். அந்த அபார்ட்மெண்ட்ல உங்ககிட்ட இருந்து முப்பத்தொரு வீட்டை எடுத்தவன் நான்தான்."

ரகுராமின் முகம் இறுகியது.

"கோவிந்தராஜன் போன் பண்ணார். கூட்டத்தில நடந்ததைச் சொன்னார்" என்றார் மெதுவாக. "அவர்கிட்ட உண்மையைச் சொன்ன பையனும் நீங்கதானா?"

"ஆமாங்க. இன்னொண்ணும் இருக்கு சார். மறைக்கக் கூடாதுன்னு இப்பதான் சொன்னாங்க..." அவன் அம்ருதா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை அவங்ககிட்டயே நான் இன்னும் சொல்லல."

ரகுராம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, உள்ளே போய் இரண்டு துண்டுகளோடு திரும்பினார். ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"தலையைத் துவட்டுங்க, ஜுரம் வந்துடும்." பிறகு மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள் அம்ருதா. சுருதி குறைந்து, ஆனால் தெளிவாகவே வந்தது பதில்.

"எனக்கும்தான்ப்பா..."