பத்தொம்பதாம் பக்கம்

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

சாஹிரா போட்ட சத்தத்துல ஜெராக்ஸ் கடையே திரும்பிப் பாத்துச்சு. பின்ன? மேற்குத் தாம்பரத்துல அடமழ... நனையாம இருக்க உள்ள ஓடி வந்தவன் இடிச்ச இடில, அப்பதான் கலர் பிரிண்ட் எடுத்த அவ விடைத்தாள் அத்தனையும் தரையில!

"சாரிங்க... சாரி..." பொறுக்கிட்டு நிமிந்தான். அடடா, அந்தக் கண்ணு! இமையில மழத்தண்ணி சொட்டிக்கினு... திட்ட வந்ததே மறந்துபோச்சு அவளுக்கு.

"மேத்ஸ் பேப்பரா? ரீவேல்யுவேஷனா?"

"ஆமா. இது ஒண்ணுதான் அரியர். நாப்பத்தொண்ணு போட்டுருக்கான் எவனோ புண்ணியவான்! அம்பது வாங்கினாத்தான் சிறுசேரி கம்பெனில வேலைல சேத்துக்குவாங்க. இந்தக் காப்பிய ஒரு மேத்ஸ் வாத்தியார் பாத்து, மார்க் ஏறும்னு கையெழுத்து போடணுமாம். நாளைக்குக் கடைசி தேதி. காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு... யாரப் போய்த் தேடுவேன்?"

"நான் மேத்ஸ் லெக்சரர்தாங்க. பேரு ஷாகுல். வேற காலேஜ்."

அல்லாவே அனுப்புன மாதிரி இருந்துச்சு அவளுக்கு. அவன் ஸ்டூல்ல ஒக்காந்து புரட்டுறான், இவ வாய் சும்மா இருக்குமா? "தூங்கிக்கினே திருத்திருப்பான் சார்! கையில கெடச்சான்னா..."

பத்தொம்பதாம் பக்கம். அவன் கை நின்னுபோச்சு. பதினாறு மார்க் கணக்கு, முழுசா போட்டுருக்கா... ஒரு சிவப்புக் கோடு கூட இல்ல! திருத்துனவன் ரெண்டு தாளச் சேத்துத் தள்ளிட்டுப் போயிருக்கான்.

"சார்! அப்ப நான் பாஸா?"

அவன் மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. "இந்தச் சிவப்பு எழுத்து... என்னுதுங்க. திருத்துனது நான்தான்."

அவன் கண்ணையே மொறச்சுப் பாத்தா அவ. இந்தக் கண்ணா என் பக்கத்தப் பாக்காம போச்சு?

"ஒரு நாளைக்கு அம்பது பேப்பர்... காரணம் சொல்லல. தப்பு என்னுது. அதனால நானே கையெழுத்து போடக்கூடாது. சிட்லபாக்கத்துல எங்க காலேஜ் மேத்ஸ் செல்வமேரி மேடம் இருக்காங்க, வாங்க..."

"ஒண்ணும் வேணாம்! முட்டாள்!" தாளப் புடுங்கிக்கினு மழையில எறங்கிட்டா.

நாலு எட்டு வெச்சிருப்பா... ரோசம் வேல வாங்கித் தருமா? திரும்புனா, அவன் தொப்பலா நனைஞ்சு பின்னாடியே நிக்கிறான், கையில ஒரு பிளாஸ்டிக் கவரு.

"நீங்க நனையுங்க, பரவால்ல. தாள் நனையக்கூடாது."

சிரிப்பு வந்துச்சு... அடக்கிக்கினா.

மேடம் கையெழுத்து போட்டாங்க. அங்கயே அவன் நம்பரும் வாங்கியாச்சு. அஞ்சு வாரம் கழிச்சு ரிசல்ட்... அம்பத்தஞ்சு! சாஹிரா மொதல்ல போன் போட்டது அம்மாவுக்கு இல்ல, அவனுக்கு!

"பாஸ் சார்!"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுற சத்தம்...

"சார்? அழுவுறீங்களா?"

"இல்லீங்க... சந்தோஷம். எனக்கும் யுனிவர்சிட்டிலேந்து லெட்டர் வந்துச்சு. ஒரு வருஷம் பேப்பர் திருத்த வரக்கூடாதாம்."

தூக்கிவாரிப் போட்டுச்சு. "அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன். முட்டாள்னு திட்டுனீங்க, சரி. பயந்தாங்கொள்ளின்னு நீங்க நெனச்சா... தாங்க மாட்டேன்."

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு!" ஐயையோ, சொன்னது தானான்னு அவளே வாயப் பொத்திக்கினா.

"எனக்கு... அந்த ஸ்டூல்ல ஒக்காந்தப்பவே. அடுத்த மாசம் அம்மாவ உங்க வூட்டுக்கு அனுப்பட்டுமா?"

"அடுத்த மாசமா? நாளைக்கே வரச் சொல்லுங்க!"