மின்சாரம் இல்லாத இடத்திலிருந்து வந்த மூச்சு

மேசைத் திரையில் அம்மா இருமினாள். பக்கத்து அறையில் இருமல் கேட்கவில்லை.

மகள் ஹெட்போனைக் கழற்றினாள். அம்மாவின் மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும்; கட்டிலருகே உள்ள கருவி அதை இந்தத் திரைக்கு அனுப்பும்; மூச்சு தடுமாறினால் அலறும். கருவி அண்ணனின் கம்பெனி விற்கப்போவது. அதற்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் சென்சாரை இயக்கும் டிரைவர் என்ற நிரல் அவள் எழுதியது. ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது, மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், சாத்திய கதவின் இடுக்கு வழியாகத் தைல வாசனை வந்தது, பச்சைக் கோடு மட்டும் நிமிடத்துக்குப் பதினாறு முறை அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மதியத் தூக்கம். மெதுவாக இருமியிருப்பாள். போய் எழுப்பினால், "உன் மெஷின் என்னப் பாத்துக்கும், நீ வேலையப் பாருடி" என்று விரட்டுவாள்.

பத்து நிமிடத்தில் அதே இருமல். அதே உயரம், அதே இரட்டை வளைவு. சத்தம் இல்லை.

எழுந்து பத்தடி நடந்திருக்கலாம். டிரைவர் எழுதுகிறவர்களுக்கு அந்தப் புத்தி எங்கே வருகிறது? அவள் லேப்டாப்பிலிருந்து கருவிக்குள் நுழைந்தாள்.

சென்சார் தேவைப்படும் நிரல் ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால், யாருக்கும் தேவையில்லை என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், சென்சாரைத் துடிக்கவைக்கும் கிளாக்கை நிறுத்திவிடும். பிறகு அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும். பட்டை மார்பில் இருக்கும்வரை அந்த எண் பூஜ்யத்தைத் தொடக் கூடாது. அதற்காகவே மூன்று மாதம் உழைத்திருந்தாள்.

எண் பூஜ்யம். கிளாக் இல்லை. மின்சாரம் இல்லை. காலை ஒன்பது பத்திலிருந்து.

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

நிரலைத் திறந்தாள். எண்ணைக் குறைக்கும் வரி ஒன்று கூடுதலாக இருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர். ஒன்பது மணிக்கு, மெயில் பார்க்க வேண்டும் என்று லேப்டாப்பை வாங்கியவன் அண்ணன்.

அவனைப் போனில் அழைத்தாள்.

"சென்சார ஆஃப் பண்ணிட்டியா?"

"நாளைக்கு டெமோ. பேட்டரி ஒரு நாள் ஃபுல்லா தாங்கணும்ல?"

"அப்போ ஸ்கிரீன்ல வர்றது?"

"நேத்து பதிவானதுல பத்து நிமிஷம். அதையே சுத்த விட்டிருக்கேன்."

"என் பேர்லயா? அம்மா மேல கட்டியிருக்கிற கருவியிலயா?"

"ஒரு நாள்தானே. அம்மாவுக்கு என்ன, நல்லாத்தான் இருக்காங்க. நீதான் ஸ்கிரீன்ல பாத்துட்டே இருக்கியே."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. கூடப் பிறந்தவன், அவள் கையை வைத்தே அம்மாவின் கழுத்தை அறுத்திருக்கிறான்.

எண்ணைக் கூட்டினாள். மின்சாரம் வந்தது. கிளாக் ஓடியது.

கோடு படுத்துவிட்டது.

கருவி அலறியது. ஓடினாள். கதவைத் தள்ளினாள். பாதிதான் திறந்தது. உள்ளே ஏதோ தடுத்தது. கனமாக. மெத்தென்று.

"என்ன சத்தம்? முழிச்சிட்டாங்களா?" என்றான் அண்ணன், போனில்.

குனிந்தாள். இடுக்கில் அம்மாவின் விரல்கள். நகங்களுக்கடியில் கதவின் வெள்ளைப் பெயின்ட்.