மார்புப் பட்டை

இதயத்துடிப்பை அளக்கும் பட்டையை வைத்திலிங்கம் இன்னும் மார்பில் கட்டவில்லை, கையில்தான் வைத்திருந்தான். அதற்குள் மேசைமேல் இருந்த திரையில் ஐம்பத்தெட்டு என்று எண் விழுந்துவிட்டது.

"மேடம், நான் இன்னும் கட்டலீங்களே."

"கை சூட்டுலயே சில நேரம் காட்டும்ணா," என்றாள் சண்முகப்ரியா. இந்த ஆராய்ச்சிக்கு அவள் இன்றுதான் புதிதாக வந்திருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் இவனும் வந்தான். முன்பிருந்தவர் என்றால் முகத்தைப் பார்த்ததுமே, யாருய்யா நீ என்று கேட்டிருப்பார்.

பன்னிரண்டு வாரம் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, மைன்ஸில் வேலை செய்கிறவர்களின் இதயமும் நுரையீரலும் எவ்வளவு தேறுகின்றன என்று பார்க்க ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். மூச்சு தேறாதவனுக்குக் கான்ட்ராக்ட் கிடையாது என்று கேண்டீனில் எவனோ கிளப்பிவிட்டான். வைத்திலிங்கம் மாடிப்படி ஏறினாலே இரைக்கிற ஆள். விசாரித்துப் பார்க்கக்கூடத் தோன்றாமல், போட்டோ மங்கிப்போன தன் கேட் பாஸைப் பக்கத்து வீட்டுச் செங்குட்டுவனிடம் கொடுத்துத் தன் பெயரில் ஓட அனுப்பிவிட்டான்.

செங்குட்டுவன் தினமும் விடிவதற்குள் வடலூர் ரோட்டில் ஓடிவிட்டு வருகிறவன். நிற்கும்போது அவன் இதயத்துடிப்பு ஐம்பத்தெட்டுதான். எட்டாவது வாரம் நெஞ்சில் தைலம் தேய்த்தபடி, "என்னமோ அடைச்சிகினே இருக்குதுண்ணே," என்றான்.

"இன்னும் நாலு வாரந்தானடா. என் பொழப்பு உன் கையிலதான் இருக்குது."

அன்று மாலை ஓடி முடித்து வந்தவன் வீட்டு வாசலிலேயே சாய்ந்தான். கருமாதி முடிந்ததும் அவன் மனைவி இசைப்பிரியா அந்தப் பட்டையைத் துவைத்து எடுத்து வந்தாள். "உங்களுதுன்னு சொன்னாருண்ணே," என்றாள். வைத்திலிங்கத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மீதி வாரங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான். கடைசிச் சோதனைக்கு மட்டும் தப்பிக்க முடியவில்லை.

பட்டையைக் கட்டினான். இத்தனை நாள் அலமாரியில் கிடந்தும் வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது. தைல வாடை அடித்தது.

மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் முகமூடி மாட்டினாள் சண்முகப்ரியா. "இனிமே பேச முடியாதுண்ணா. போலாம்னா கட்டைவிரலை மேல காட்டுங்க. நிறுத்தணும்னா கீழ."

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருக்க, தூரத்துக் கன்வேயர் இரைச்சலும் காலடியில் பெல்ட் நகர்கிற ஓசையும் ஒன்றாய்க் கலந்து கேட்க, அவன் நடந்தான், பிறகு ஓடினான். மூன்றாம் நிமிடமே மார்பு இறுகியது, கண்ணில் பூச்சி பறந்தது. திரையில் ஐம்பத்தெட்டு. அசையவே இல்லை.

"இவ்வளவு ஓடியும் ஏறலயே. செம ஃபிட்ணா நீங்க," என்று வேகத்தைக் கூட்டினாள்.

கான்ட்ராக்ட் போனால் போகட்டும், நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தான். கால்கள் கேட்கவில்லை. வலது பாதம் லேசாக வெளிப்பக்கம் வீசி விழுந்தது. அவன் அப்படி ஓடுகிறவனில்லை. செங்குட்டுவன்தான் அப்படி ஓடுவான்.

முகமூடிக்குள் மூச்சு சீராக வந்தது. இரண்டு இழுப்பு. ஒரு விடுப்பு. இவன் இழுக்கவில்லை.

நெஞ்சைப் பிசைந்தது வலி. பிறகு சட்டென்று வலி நின்றது. பயம் தாங்காமல் உள்ளங்கையை மார்பில் வைத்துப் பார்த்தான். துடிப்பு இல்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.

இல்லை.

திரையில் ஐம்பத்தெட்டு.

கத்தினான். முகமூடிக்குள் சத்தம் எழவில்லை. கட்டைவிரலைக் கீழே திருப்பினான். தைலம் பூசிய பிசுபிசுப்பான விரல்கள் அதைப் பற்றின. மெதுவாக மேலே நிமிர்த்தின.

சண்முகப்ரியா அதைப் பார்த்துச் சிரித்தாள். "சரிண்ணா, இன்னும் கொஞ்சம் ஏத்துறேன்," என்று பொத்தானை அழுத்தினாள். கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.