நடுங்காத கை

காற்றுக்கதவு அன்று காலையும் அருள்வேலுக்குத் திறக்கவில்லை. செவ்வாயின் செம்மலைக் குடியிருப்பில் அந்தக் கதவைத் தாண்டினால் மூச்சு விடக் காற்று கிடையாது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அசையாமல் நின்றால்தான் அது திறக்கும். நடுங்கும் கைக்குத் திறக்காது. புத்தி தடுமாறிய எவரும் கவச உடையில்லாமல் வெளியே போய்விடக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. ஆனால் அருள்வேல் அந்தக் கதவுக்கே காவலர். பின்னால் நின்ற சுரங்கத் தொழிலாளர்கள் கூரையைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நடுக்கத்துக்குக் காரணம், அவர் தோளுக்கடியில் பதித்திருந்த மருந்துச்சில்லு. கொஞ்ச காலம் முன்பு அவருக்குக் குரல் கேட்கத் தொடங்கியது. செத்துப்போன தம்பி கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். சில்லு சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டது, தம்பி போய்விட்டான், கைநடுக்கம் வந்து சேர்ந்தது.

வெளியே இதைச் சொல்லவில்லை. மனைவி நிறைமதி 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவைத்திருந்தாள். பூமியை விட்டு இத்தனை கோடி மைல் வந்தும் அந்தச் சொல்லை மட்டும் நம் ஜனங்கள் உடையாமல் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மகள் யாழினிக்கு வரன் அமைந்திருந்தது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வருவதாக இருந்தார்கள்.

"தட்டு மாத்துறப்ப கை இப்படி ஆடுனா அவங்க என்னங்க நெனைப்பாங்க?" என்றாள் நிறைமதி.

"டாக்டர்கிட்ட சொல்லி வேற மருந்து கேக்கலாம்ல?" என்றார் அருள்வேல்.

"அந்த டாக்டர் எந்திரத்துக்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுரும். செடி வளக்குற பசுங்கூடத்துல பூனைக்காலி காய்ச்சிருக்கு. விதையை இடிச்சு பாசிப்பால்ல காய்ச்சித் தரேன். மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் பண்ணாத பொருள் நடுக்கத்தை மட்டும் எப்படி நிறுத்தும் என்று அவள் யோசிக்கவில்லை. யார்தான் யோசிக்கிறார்கள்?

பொடி வேலை செய்தது. கை நின்றது, கதவு திறந்தது, அருள்வேல் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். விஷயம் இதுதான்: மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம். சில்லின் மருந்து அதன் வேலையைக் குழாயை இறுக்குவதுபோல இறுக்கிவைத்திருந்தது. இறுக்கியதால் குரல்கள் அடங்கின, இறுக்கியதால்தான் கையும் நடுங்கியது. பூனைக்காலி விதை உடம்புக்குள் போய் அதே ரசாயனமாக மாறி, அதே குழாயைத் திறந்துவிட்டது.

மருத்துவ எந்திரம் இரத்தத்தில் ஏதோ மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது. "இவர் வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறாரா?" என்று கேட்டது.

"இல்லைங்க" என்றாள் நிறைமதி. பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. மருந்தைத்தானே கேட்டது?

எந்திரம் அவள் பேச்சை நம்பி மருந்தைக் கூட்டியது. நடுக்கம் திரும்பியது. அவள் பொடியைக் கூட்டினாள். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே உடம்பில் இருவரும் கயிறு இழுத்தார்கள். நிச்சயத்துக்கு முன் அவள் கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டாள்.

அன்று தட்டு மாற்றும்போது அருள்வேலின் கை துளிகூட ஆடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்து நடக்கும்போது அருள்வேல் மனைவியை உள்ளே அழைத்தார்.

"தம்பி வந்துட்டான். குளிருது, கதவைத் தெறண்ணேங்கிறான். பயமா இருக்கு நிறைமதி."

அவள் விருந்து நடக்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. அவங்க கிளம்பட்டும்."

அவர் பொறுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, வாசல்வரை போய் வழியனுப்பினார். மறுநாள் விடிந்ததும், அவள் எழுவதற்கு முன், கவச உடையில்லாமல் காற்றுக்கதவுக்குப் போனார். மற்றவர்களுக்கு ஆபத்து வரக் கூடாதென்று உட்கதவை முறையாகச் சாத்தினார். வெளிக்கதவில் கையை வைத்தார். நடுங்கியிருந்தால் பிழைத்திருப்பார்.

துக்கத்துக்குக் கோமளவல்லியும் வந்தாள். கதவின் கண்காணிப்புப் படத்தை அதற்குள் ஊரே பார்த்திருந்தது. அவள் நிறைமதியைத் தனியே அழைத்துப் போனாள். சம்பந்தம் முறிந்தது என்றே நிறைமதி நினைத்தாள்.

"மறைச்சுட்டேன் சம்பந்தியம்மா. அவருக்குக் குரல் கேக்கும். பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு சொல்லலை. மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும் விடுங்க" என்று கோமளவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "படத்தைப் பாத்தேன். அந்த நேரத்துலகூட கை ஆடலையே. அவருக்கு என்ன குடுத்தீங்க?"

"பூனைக்காலி விதை" என்றாள் நிறைமதி, எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

"என் பையன் தோள்லயும் அதே சில்லுதான். கல்யாணத்தன்னைக்கு நாலு பேரு முன்னால தாலி கட்டணுமே" என்ற கோமளவல்லியின் முகத்தில் நிம்மதி வந்தது. "மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?"