எட்டுப் பக்கமும் ஒரு பூனையும்

"பிள்ளை, புத்தகத்தில கடைசி எட்டுப் பக்கத்தைக் காணேல்லை!"

தாராபுரம் வாசிகசாலைக்குள் மாக்கிறட் மூச்சிரைக்க நுழைந்தபோது, வஸீர் பேப்பரை மடித்து வைத்தார். ஓட்டோவுக்கு ஆள் கிடைக்காத நேரமெல்லாம் அங்கே துப்பறியும் கதைகளாக வாசித்துத் தள்ளுபவர் அவர். தனக்கும் ஒரு மர்மம் வந்து வாய்க்காதா என்று பத்து வருடமாகக் காத்திருந்தார். வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தினியோ தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இருங்கோ அக்கா. ஆறுதலாச் சொல்லுங்கோ."

மாக்கிறட் இரவல் கொண்டுபோயிருந்தது ஒரு பூனை துப்புத் துலக்கும் நாவல். கொலையில்லை, ரத்தமில்லை, மிட்டாய் என்ற பூனை ஊர்த் திருட்டுகளையெல்லாம் மோப்பம் பிடிக்கும். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் மிட்டாயே தொலைந்துபோகிறது. மாக்கிறட்டின் வீட்டுப் பூனை முத்துவும் தொலைந்து ஐந்து நாள்.

"மிட்டாய் திரும்பி வந்தால் முத்துவும் வருமெண்டு மனசுக்குள்ள நினைச்சு வைச்சனான். விசர்தான். பிள்ளையள் எல்லாம் கனடாவில. மடியில வந்து படுக்க எனக்கு அது ஒண்டுதானே. கடைசியா நல்லாக் கொழுத்தும் போயிருந்தது."

அவளுடைய கண் கலங்கியதும் வஸீர் சுகந்தினியின் பக்கம் திரும்பினார். "கழுதைதான் மிஸ்!" என்றார். மன்னார்க் கழுதைகள் கடதாசியைக் கண்டால் விடுவதில்லை. "யன்னலுக்குள்ள தலையை விட்டிருக்கும்."

"கெட்டிக்காரக் கழுதைதான், வஸீர் நானா. அடிமட்டம் வைச்சு வெட்டியெல்லோ திண்டிருக்கு."

சுகந்தினி புத்தகத்தை விரித்துக் காட்டினாள். உள் ஓரம் நேராக வெட்டுப்பட்டிருந்தது. இடுக்கில் நீல நைலோன் இழை ஒன்று. "வீட்டில ஆரார், அக்கா?"

"நானும் அவரும்தான். அவருக்குக் கண்ணாடி உடைஞ்சு ரெண்டு கிழமை. கிழிஞ்ச வலையையே தடவித்தான் பொத்துறார். நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு பூசைக்கே தள்ளிக்கொண்டு போகவேண்டிய மனிசன், நேற்றுத் தானாக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தவர்."

"முத்துவுக்கு இன்னும் சாப்பாடு வைக்கிறனீங்களோ?"

"ஓம், மனம் கேக்குதில்லை. பொழுதுபடக் கிணத்தடியில வைப்பன். விடியமுன்னம் பார்த்தால் காகம் திண்டுபோடும். ரெண்டு மீன் வைச்சாலும் கோப்பை கழுவின மாதிரித்தான் கிடக்கும்."

சுகந்தினி தேநீரைக் குடித்து முடித்தாள். "நானா, ஓட்டோவை எடுங்கோ."

மாக்கிறட் வீட்டு முற்றத்தில் அவளுடைய கணவர் செல்வராசா வலை பொத்திக்கொண்டிருந்தார். பின்னால் கிணற்றடிக் கொட்டிலில் பழைய வலைகள் குவிந்து கிடந்தன. சந்தேகத்துக்குரியவர் ஒருவர்தான் என்றாலும், வஸீர் ஒரு கூட்டத்தையே காவல் காப்பவராக வாசற் படலையை மறித்து நின்றார்.

"அண்ணை, மிட்டாய் சாகேல்லை," என்றாள் சுகந்தினி.

செல்வராசாவின் கை நின்றது.

"வலை வெட்டுற கத்திதானே? இழை ஒட்டிக் கிடக்கு. கண்ணாடி இல்லாமல் உங்களுக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். நான் வாசிச்ச புத்தகம்தான். கடைசியில பெரிய படம்: பெட்டிக்குள்ள வெள்ளைச் சீலையில பூனை, தலைமாட்டில மெழுகுதிரி. எங்கட சனம் அப்பிடிக் கிடத்திறது ஆரை?"

செல்வராசா தலையைக் குனிந்தார். "இவள் அந்த மிட்டாயை நம்பியிருந்தவள், பிள்ளை. செத்துப்போச்செண்டு வாசிச்சால் தாங்கமாட்டாள்." சாரத்து மடியிலிருந்து எட்டுப் பக்கங்களும் வெளியே வந்தன.

"கரண்ட் போன நேரம் மிட்டாய் குட்டி போட்டது. அதுக்குத்தான் மெழுகுதிரி. இதெல்லாம் சீலை மடிப்பில்லை அண்ணை, குட்டியள்," என்று படத்தைத் தொட்டுக் காட்டினாள் சுகந்தினி.

"அட, நான் அதின்ர ஆத்துமத்துக்கெல்லோ மெழுகுதிரி கொளுத்தினனான்!"

மாக்கிறட் அழுதுகொண்டே சிரித்தாள். வேறொருத்தியாக இருந்தால் அந்த மனிசனைத் திட்டியிருப்பாள். அவள் அவருடைய தோளில் ஒரு தட்டுத்தான் தட்டினாள்.

"இனி முத்து," என்றாள் சுகந்தினி. "இருட்டில காகம் வராது. நாயெண்டால் கோப்பையை உருட்டிப்போடும். கொழுத்திருந்த பூனை இப்ப ரெண்டு மீன் தின்னுது, ஆளைக் கண்டால் ஒளிக்குது. இந்த வளவில ஒருத்தரும் கைவைக்காத மெத்தை எங்க?"

"பழைய வலைக் குவியல்!" வஸீர் கிணற்றடிக் கொட்டிலுக்கு ஓடினார். ஒரு சீறல் கேட்டது, "அல்லாஹ்வே!" என்ற அலறலும் கேட்டது. கையில் மூன்று கீறலோடு, மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். "இருக்கு அக்கா! குடும்பமா இருக்கு!"

மாக்கிறட் வலைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். முத்து அவளுடைய விரலை நக்கியது. மற்றக் கையால் அந்த எட்டுப் பக்கங்களையும் மடியில் விரித்தாள்.

"கெதியா வாசியப்பா," என்றார் செல்வராசா. "மிட்டாய்க்கு எத்தினை குட்டி?"

"மூண்டாம்."

அவர் குனிந்து, வலைக்குள் தடவித் தடவி எண்ணினார்.

"எங்கடைக்கு நாலு."