இரண்டாவது முறையும் அழித்தான்

ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. பச்சை விளக்கு எரியவில்லை. ஆனாலும் வேல்குமார் விண்டோஸ் சிடியை உள்ளே தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, மைக்கில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. வாரத்தில் ஆறு நாளும் மங்கலத்தில் தறிச் சத்தம் காதைப் பிளக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் சுவர்க்கடிகாரம் ஓடுவதே தெரியும். அந்த அமைதியில் என்னென்னவோ கேட்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மகள் பரணி போய் நான்கு மாதம் ஆகிறது. ஆறு வயசு. மூளைக்காய்ச்சல், மூன்றே நாள்தான். பெயிண்டில் அவள் வரைந்த சிவப்பு வீடு ஒன்றும், ஒரே ஒரு நிமிடக் குரலும் இந்தக் கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்தன. "நான் பரணி பேசறனுங்க, அம்மா முட்டாயே தர மாட்டீங்கறாங்க" என்று தொடங்கி, சிரிப்பின் நடுவில் அறுந்து நின்றுவிடும். அந்த ஒரு நிமிடத்தை அவள் அம்மா சித்ராதேவி விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் போட்டுப் போட்டுக் கேட்டாள். குளிப்பதில்லை, அடுப்புப் பற்றவைப்பதில்லை. போன வாரத்திலிருந்து அந்தக் குரலுக்குப் பதிலும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பெண்டாட்டியும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று வேல்குமார் பயந்தான்.

அவளுடைய அண்ணன் ரத்தினசாமிதான் வழி சொன்னார். "மாப்ளை, அந்தப் பொட்டில இருக்கறதைப் பூராத் தொடச்சுப் போடுங்க. வைரஸ் வந்து போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். நான் அம்மிணியைச் சிவன்மலைக்குக் கூட்டீட்டுப் போறன். நாங்க வாரதுக்குள்ள முடிச்சுருங்க."

சொல்வதற்கென்ன, அவர் பெற்ற பிள்ளையா?

நீலத் திரை வந்தது. இதில் இருக்கும் அத்தனையும் அழிந்துவிடும், சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. "அப்பனை மன்னிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு அழுத்தினான். சீக்கிரம் முடிகிற ஃபார்மேட்டாகவே போட்டான், பார்த்துக்கொண்டிருக்கத் தாங்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் கேபினெட்டின் சூட்டோடு வரும் தூசி கருகும் வாசனையை முகர்ந்தபடி, விண்டோஸ் ஏறும் நிமிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்துக்குள் பச்சை மேடும் நீல வானமுமாகப் புதுத் திரை வந்துவிட்டது. சவுண்டு டிரைவர் இன்னும் போடவில்லை. அதைப் போடாதவரை கம்ப்யூட்டர் ஊமைதான்.

"அப்பா."

சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைப்பானேன். நெஞ்சு அப்படியே பொங்கிவிட்டது. பதிவில் இல்லாத வார்த்தை. புதுசாகப் பேசுகிறாள்.

"அப்பா, இங்க ஒண்ணுமே காணமுங்ப்பா. நான் வரஞ்சு வெச்ச ஊட்டையும் காணம். வெறும் வெள்ளையா இருக்குதுங்ப்பா. பயமா இருக்குது."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். குரல் நிற்கவில்லை. கேபினெட்டுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"அம்மா எங்கீங்ப்பா?"

வருவாள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவாள். வந்து இதைக் கேட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்த நாற்காலியை விட்டு எழமாட்டாள். வேல்குமார் பதினைந்து வருஷமாகச் சாயப்பட்டறையில் மாஸ்டர். ஷேடு தப்பிப்போன துணியைக் கொதிக்கிற மருந்துத் தண்ணியில் போட்டுக் கலரை உரிப்பது அவனுக்குக் கைவந்த வேலை. ஒரு தடவை உரித்தால் அடியில் ஒரு சாயல் நின்றுவிடும், இரண்டாவது தடவையும் போட்டால்தான் துணி வெள்ளைக்கு வரும். அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டான், கிறுக்கன். சிடியிலிருந்தே மறுபடி ஏற்றினான். இந்தத் தடவை முழு ஃபார்மேட்.

மஞ்சள் கோடு நகர ஆரம்பித்தது.

பதினைந்து சதவீதம். "அப்பா, கூசுதுங்ப்பா."

முப்பது. "அம்மா பேரு என்னங்ப்பா? மறந்துபோச்சு."

காதைப் பொத்திக்கொண்டான். அப்படியும் கேட்டது.

ஐம்பது. "எம்பேரு?"

"பரணி!" என்று கத்தினான். "பரணி கண்ணு, பரணி!"

"அப்படின்னா?"

ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்திருக்கலாம். கை போனது. பாதியில் நின்றது. சித்ரா பிழைக்க வேண்டுமே. கையை இழுத்துக்கொண்டான்.

எழுபது. "ப்பா... ப்பா..."

எண்பத்தைந்து. வார்த்தை இல்லை. மூச்சு மட்டும்.

நூறு.

ஒன்றும் இல்லை.

மிச்ச வேலை தானாக நடந்தது. வேல்குமார் தரையில் உட்கார்ந்து வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். பிள்ளையை இரண்டு தடவை பறிகொடுத்தவன் இந்த ஊரிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பொழுது சாயும் நேரத்துக்கு வாசலில் கார் வந்து நின்றது. சித்ராதேவி நெற்றியில் விபூதியோடு இறங்கினாள். தலை வாரியிருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? மத்தியானம் ஒண்ணும் சாப்படலீங்களா? இருங்க, சோறாக்கறன்."

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்கிறாள். ரத்தினசாமி அவள் முதுகுக்குப் பின்னால் கையெடுத்துக் கும்பிட்டார். பிழைத்துவிட்டாள். முருகா, பிழைத்துவிட்டாள்.

அப்போது கேபினெட் அழுதது.

பச்சைக் குழந்தையின் அழுகை. பிறந்து ஒரு நாழிகை ஆனது அழுவது மாதிரி, பேச்சும் தெரியாமல் ஆளும் தெரியாமல் தொண்டை கிழிய வீல் வீலென்று அழுதது.

சித்ராதேவி சமையலறை வாசலிலேயே நின்றாள். திரும்பினாள். நேராக வந்து கேபினெட்டை மேஜையிலிருந்து இழுத்தாள். வயர்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. திரை அணைந்தது. பெட்டிக்குள் ஓடிய மின்விசிறியும் நின்றது. அழுகை நிற்கவில்லை.

"சித்ரா, வேண்டாம்! கீழ வெச்சுரு!"

"சத்தம் போடாதீங்க. புள்ளைக்குப் பசிக்குது."

சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தகரப் பெட்டியை மடியில் சாய்த்து, மாரோடு அணைத்து, முந்தானையால் மூடினாள். ரத்தினசாமி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அழுகை நின்றது.

முந்தானைக்குள் ஏதோ மூச்சு வாங்கி மூச்சு வாங்கி விழுங்கியது. சித்ராதேவி பெட்டியின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். சிடி போடும் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து, அவள் சேலையை நனைத்து, தரையில் சொட்டத் தொடங்கியது.